நாலு பக்கமும் ஒரு சாண்

அறுநூற்று நாற்பது கன்றுகளும் உயிரோடு இருந்தன. சிக்கலே அதுதான். செத்துத் தொலைந்திருந்தால் மழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இவை செழிப்பாக வேர்விட்டு, தளிர்விட்டு, கறுப்புப் பைகளின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. ஒன்றாவது நிமிர வேண்டுமே. தோடு தொலைத்தவள் தரையைத் தேடுவதுபோல அத்தனையும் மண்ணைப் பார்த்தே வளர்ந்தன.

சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்புக்குக் கீழே, பச்சை வலை போட்ட பந்தலுக்குள் அந்த நாற்றங்கால் இருந்தது. வாசலில் ஒரு பலகை. 'அருகிவரும் மருத்துவ மரங்களின் தண்டுக்குச்சிவழி இனப்பெருக்கம் மற்றும் மக்கள் பங்கேற்புடன் கூடிய மரபுவளப் பாதுகாப்பு முன்னோடித் திட்டம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியதில் பலகை நீண்டுபோய், இரண்டு கால் தாங்காமல் நடுவில் மூன்றாவது கால் கொடுக்க வேண்டியதாயிற்று. மக்கள் என்று அதில் சொல்லியிருந்தது குருவம்மாளை. வேறு மக்கள் யாரும் அங்கே பங்கேற்கவில்லை.

திட்ட அலுவலர் டாக்டர் பூபதிராஜா நல்லேப்பிள்ளிக்காரர். நெல்வயல் பாசியை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவரை மரத்துக்கு ஏன் போட்டார்கள் என்று யோசித்தால், பாசியும் பச்சை, மரமும் பச்சை என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படாது. வந்த புதிதில் எஸ்டேட் லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் அவரிடம் மாத்திரை கேட்டுப் போனார்கள். குருவம்மாளின் புருஷன் மொக்கையன் முழங்காலைக் காட்டியபோது, தான் அந்த டாக்டர் இல்லை என்பதை அவர் அரைமணி நேரம் விளக்கினார். வலி போகவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்ததில் வலி மறந்துபோனது என்று மொக்கையன் வந்து சொன்னான்.

இன்னும் ஒன்பது நாளில் மேலிருந்து நிபுணர் குழு வரப்போகிறது. டாக்டர் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் ஒரு பந்து சணல் நூலும் கொண்டுவந்து இறக்கினார்.

"ஏனுங்க குருவம்மா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குச்சிய வெச்சுக் கட்டிப் போடுங்க. பாக்கறவீங்க கண்ணுக்கு நிமுந்து நின்னாப் போதுமுங்க."

"கட்டுனா நிக்கும் சார். அவுத்தா படுத்துக்கும்."

"அவுக்கறது எதுக்குங்க?"

அவள் நூல் பந்தை எடுத்தாள். உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள்.

குருவம்மாள் இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டின் தேயிலை நாற்றங்காலில் குச்சி வெட்டியவள். ஒரு இலை, ஒரு கணு, கீழே சரிவாக ஒரு வெட்டு. வெட்டிய கையோடு வாளித் தண்ணீரில். வெயில் பார்க்குமுன் மண்ணில். அவள் ஊன்றியது வேர்விடாமல் போனதாக யாரும் சொன்னதில்லை. எஸ்டேட் அந்த நாற்றங்காலை மூடியபிறகு இங்கே தற்காலிகத்தில் வந்தாள். திட்டத்தின் மரம் பாச்சோத்தி; அது சோலைக்குள் இரண்டே இரண்டு நிற்பதாக டாக்டரின் வரைபடம் சொன்னது. பட்டைக்காக உரித்து உரித்தே மற்றதெல்லாம் போயிற்று. அந்த இரண்டின் பக்கக் கிளைகளில் வெட்டிய குச்சிகளைத் தேயிலைக்குச் செய்வதுபோலவே அவள் ஊன்றினாள். தேயிலை எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? முதல் கவாத்தில் இடுப்பளவுக்கு வெட்டி மட்டமாக்கிவிடுவார்கள். செடி நிமிர வேண்டும் என்ற கவலையே இல்லாத தொழிலில் அவள் தலை நரைத்திருந்தது. அதனால் அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை, பாசிக்கு ஏது கிளை?

பக்கக் கிளைக்குத் தான் கிளை என்பது மட்டும்தான் தெரியும். தனியே மண்ணில் வைத்தாலும் அது மரமாகாது. இல்லாத ஒரு மரத்தின் கிளையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். இதை அவள் எந்த நிபுணரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், பைப்படியோரம், பால் கவர்களில் நின்ற பதினோரு கன்றுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவையும் பாச்சோத்திதான். அதே கை ஊன்றியவைதான். பதினொன்றும் நட்ட கம்புபோல நேராக நின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பதை வெளியே சொல்ல முடியாமல் பத்து மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

முந்தின வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் அவள் மகள் சிவசங்கரிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மாதக்கணக்கில் போனது. முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பாச்சோத்திப் பட்டையைக் கஷாயம் வைத்துக் கொடு என்று சொல்லாத வாய் லயத்தில் இல்லை. லயத்துக்கு மேலே, எஸ்டேட் எல்லைக் கல்லைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் ஒரு மரம் நின்றது மொக்கையனுக்குத் தெரியும். டாக்டரின் வரைபடத்துக்குத்தான் தெரியாது.

பட்டை எடுக்க ஒரு முறை உண்டு. ஒரு சாணுக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்த இடத்தில் செம்மண்ணும் பசுஞ்சாணமும் குழைத்து அப்ப வேண்டும். அந்தக் காயம் மூடும்வரை அந்தப் பக்கம் கத்தி வைக்கக்கூடாது. அவசரமென்றால் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம். மொக்கையன் முறை தவறாதவன். கார்த்திகையில் கிழக்குப் பக்கம் ஒரு சாண் எடுத்தான். மார்கழியில் தெற்கே, தையில் மேற்கே. மாசியில் வடக்கே எடுத்துவிட்டு மண்ணை அப்பும்போதுதான் பார்த்தான். நாலு சாண் சுற்றளவுள்ள மரத்தில் நாலாவது காயம் முதல் காயத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வேறொருவன் செய்திருந்தால் ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஏறுமாறாக வெட்டியிருப்பான். நடுவில் எங்காவது பட்டை மிஞ்சி மரம் பிழைத்திருக்கும். மொக்கையன் முப்பத்திநாலு வருஷம் கவாத்து வெட்டியவன். மட்டம் விரல்கடை தப்பினால் அன்றைய பேரை அடித்துக் கூலியை வெட்டிவிடுகிற தோட்டக் கண்டக்டர்களிடம் பழகிய கை. நாலு மாதத்தில் நாலு தடவை வெட்டியும் நெஞ்சுயரத்தில் நூல் பிடித்தாற்போல ஒரே மட்டம். மரத்துக்குச் செம்மண் கச்சை கட்டிவிட்டாற்போல இருந்தது. அன்று வந்து அவன் சோறு தின்னவில்லை.

கஷாயம் கேட்கவில்லை. பங்குனியில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மரமும் போயிற்று, அதுவும் போயிற்று. மகள் இருக்கிறாள். இப்போது ஆனச்சாலில் ஒரு ஹோம்ஸ்டேயில், தேன்நிலவுக்கு வருகிறவர்களின் படுக்கை விரிப்புகளை மாற்றிப்போடுகிறாள். 

அந்த வருஷ மழைக்குள் மரத்தின் உச்சி மஞ்சளாகி உதிர்ந்தது. மனசு கேட்காமல் போய்ப் பார்த்த குருவம்மாள், காயத்துக்குக் கீழே அடித்தண்டு முழுக்கக் கொழுந்து வெடித்திருப்பதைக் கண்டாள். மேலே போக வழியில்லாமல் போன உயிர் கீழே நேர்நேராகக் கிளம்பியிருந்தது. பதினாலு குச்சி வெட்டி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. அவளுக்குத் தெரிந்தது குச்சி ஊன்றுவது. மூன்று அழுகிவிட்டது. பதினொன்று நின்றது.

குழு வர நாலு நாள் இருக்கையில் ஒரு கன்றை டாக்டரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வேர்ப்பொடியின் விகிதத்தைத் தான் மாற்றியது பலித்துவிட்டது என்றார். முன்வரிசையில் இதைத்தான் வைக்க வேண்டும் என்றார். இந்த முறைக்குத் தன் பேர் வைப்பார்களோ என்றுகூட அவர் கண்ணில் ஒரு யோசனை ஓடியது.

"பொடி இல்ல சார். இது அடித்தண்டுல வெடிச்ச கம்பு. நம்ம வச்சதெல்லாம் பக்கக் கெளை. பக்கக் கெளை மரமாகாது சார். மரத்தக் கீழ வெட்டிவிட்டு, வெடிக்கிறத எடுக்கணும்."

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "அழிஞ்சுட்டு வர மரத்தை வெட்டோணும்னு சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க. நாம் போயி இத மேல சொன்னா என்னைய வெட்டிப்போடுவாங்க. வெட்டுனா இப்பிடி வெடிக்கும்ங்கறதுக்கு என்னுங்க ஆதாரம்? ஒரு மரத்தைக் காட்டுங்க, பாக்கலாம்."

காட்ட ஒரு மரம் இருந்தது. அவள் மேசையில் சிந்திய மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

அவர் பேசிக்கொண்டே போனார். குழு கையெழுத்துப் போட்ட மறுநாள் ஆள் வரும். மழைக்கு முன்பே சோலையில் உள்ள இரண்டு மரத்தின் கிளைகளையும் முழுக்க இறக்கி இரண்டாயிரம் குச்சி. கன்றுகள் மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகும். குருவம்மாள் தலையாட்டிக்கொண்டே நின்றாள். மொட்டையாக நிற்கும் இரண்டு மரங்களும், ஊர் ஊராகப் போய்ப் படுத்துக்கொள்ளும் இரண்டாயிரம் கன்றுகளும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதைச் செய்யப்போவது அவள் கை.

வீட்டுக்கு வந்தபோது மஞ்சு இறங்கிப் பைப்படியை மூடியிருந்தது. மொக்கையன் வேலை முடிந்து வந்து கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் மரச்சீனிக் கிழங்கை வேகப்போட்டு, கருவாட்டைச் சுட்டு, பாலில்லாத கட்டஞ்சாயாவை அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். அவன் கத்தியை நிறுத்தவில்லை.

"பதினொண்ணையும் கொண்டுபோயி அதோட கலந்து வச்சிரு. யாரு எண்ணப் போறா?"

"கலந்து வச்சா பதினொண்ணு மரமாகும். அந்த ரெண்டையும் மொட்டையடிச்சுப்புடுவாக. அது செத்தா, அப்புறம் இந்த மலையில ஏது?"

"இருக்கட்டும். நம்ம போயா வாழவைக்கப் போறோம்?"

"நம்ம போயிதான சாகடிச்சோம்."

கத்தி நின்றது. அவன் அதைப் புரட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏ புள்ள, சொல்லுறேன் கேளு. காட்டு மரத்துல பட்டை எடுத்தது கேசு. கேசுன்னா எஸ்டேட்ல சஸ்பெண்டு. எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. வீடு என் பேர்ல இருக்கு. வேலை போன மறுநா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான். எங்க போயி நிப்ப? ஒன் அப்பன் வீட்டு அரமணையிலயா?"

"எங்கப்பனும் லயத்துலதான் செத்தாரு."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. கெழங்கு வெந்திருச்சு, தின்னுங்க."

அவள் உரித்து வைத்தாள். அவன் ஒரு துண்டைப் பிட்டுக் கருவாட்டோடு சேர்த்து வாயில் வைத்து, வெகுநேரம் மென்றான்.

"நான் மொறப்படிதான எடுத்தேன், குருவு? ஒரு சாண்தான எடுத்தேன்? எவனாவது வந்து அளந்து பாக்கட்டும்."

"அளந்தா சரியாத்தான் இருக்கும்," என்றாள். வெளியே சாரல் தகரத்தில் விழ ஆரம்பித்தது. 

மூன்று நாளும் அவள் குச்சி கட்டினாள். மூன்று நாளும் அவன் வேலைக்குப் போனான். சொல்வதா இல்லையா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அவனும் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

குழு வந்த அன்று அறுநூற்று நாற்பது கன்றுகளும் பட்டாளம்போல நிமிர்ந்து நின்றன. நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் பலகையின்முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்; பலகையை விட்டு விலகினால் எந்தத் திட்டம் என்று மறந்துவிடும் என்பதுபோல. வனத்துறை ரேஞ்சரும் வாட்சர் அமிர்தநாதனும் ஓரமாக நின்றார்கள். டாக்டர் பேசினார். 'நிமிர்தல்' என்ற சொல்லை ஏழு தடவை சொன்னார். நாலாவது ஆள் திருச்சூர்க்காரி, காட்டன் புடவை கட்டிய ஒரு மேடம். அவர் டாக்டரின் பேச்சைக் கேட்காமல் வரிசைக்குள் நடந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கன்றின் நூலை அவிழ்த்தார்.

கன்று சற்று நேரம் மரியாதைக்கு நின்றது. பிறகு மெதுவாக, வேலை முடிந்து வந்தவன் பாயில் சாய்வதுபோல, படுத்தது.

மேடம் இன்னொன்றை அவிழ்த்தார். அதுவும் படுத்தது. டாக்டர், காற்று பலமாக இருக்கிறது என்றார். வலைப் பந்தலுக்குள் ஒரு இலைகூட அசையவில்லை.

"இதில் எங்காவது நேராக நிற்கிறது உண்டா?" என்று மேடம் மலையாளத்தில் கேட்டார். டாக்டர் முன்வரிசைக் கன்றைக் காட்டினார். மேடம் அதில் குச்சியைத் தேடினார், இல்லை. எங்கே எடுத்தது என்று கேட்டார். டாக்டர் குருவம்மாளைப் பார்த்தார்.

குருவம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் சொல் வருமுன் பந்தலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் காட்டுறேன்மா."

மொக்கையன் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நின்றான். கக்கத்தில் சாக்குத்துணியில் சுற்றிய கத்தி. காலையில் வேலைக்குப் போனவன் பாதியில் திரும்பி வந்திருந்தான். குருவம்மாள் அவன் பக்கத்தில் போய், நீங்க ஏன் வந்தீக, நான் சொல்லிக்கிறேன் என்று அடிக்குரலில் சொன்னாள்.

"நீ சொன்னா புருசனக் காட்டிக்குடுத்தவளாவே. நான் சொன்னா, நான் செஞ்சதச் சொன்னதா ஆகும். வழிய விடு."

ஓடைப் பள்ளத்துக்கு ஏற அரைமணி நேரம் ஆயிற்று. டாக்டரின் கால்களில் மூன்று அட்டைகள் ஏறின. அவற்றையும் அவர் ஏதோ திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்போல முறைத்துப் பார்த்தார். மரம் அங்கே நின்றது. மேலே எலும்பு, நெஞ்சில் சாம்பல் பூத்த வளையம், அதற்குக் கீழே முப்பதுக்குக் குறையாத கம்புகள், பச்சையாக, ஒன்றுகூட வளையாமல். மேடம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.  அமிர்தநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனும் லயத்துக்காரன்தான். சிவசங்கரி படுத்திருந்தபோது பால்பொடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவன்.

"பட்டைய நாந்தான் எடுத்தேன்," என்றான் மொக்கையன். எப்போது, எத்தனை தடவை, எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னான். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. ரேஞ்சர் கேட்டார். வீட்டுத் தேவைக்கு என்றான்.

மேடம் எழுந்து, சோலையிலுள்ள இரண்டு மரத்திலும் இனி ஒரு கிளையைக்கூட யாரும் தொடக்கூடாது என்றார். அங்கேயே முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். டாக்டர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கன்றுகள் ஏன் படுத்தன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததை முகத்தில் மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

ரேஞ்சர் கண்டதையெல்லாம் மகஸராக எழுதினார். மொக்கையன் கத்தியைச் சாக்கிலிருந்து எடுத்தான். மேலே செத்த பாகம் மழைக்குச் சாயும், சாய்ந்தால் கீழே இருப்பதையும் கிழித்துக்கொண்டு போகும், வளையத்துக்குக் கீழே சரிவாக ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான். ரேஞ்சர் கத்தியை வாங்கிக்கொண்டார். மரம் சாட்சிப் பொருள், தொடக்கூடாது என்றார். மேடம் வாதாடிப் பார்த்தார். சட்டப்படி செத்த பாகம்தான் முக்கியமான சாட்சி. உயிரோடு இருப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு மொக்கையன் சொன்னதை வைத்து லயத்துக்கு வந்து பைப்படியில் இருந்த பத்துக் கன்றையும், நாற்றங்காலில் இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அரசாங்க மரத்தில் எடுத்தது அரசாங்கச் சொத்து. வழக்கு முடியும்வரை தொண்டி, அதாவது கைப்பற்றிய சாட்சிப் பொருள். ஒவ்வொரு பால் கவரிலும் ஒரு அட்டை கட்டி, எண் போட்டு, ரேஞ்ச் ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக வைத்தார்கள். மொக்கையனை மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். எஸ்டேட் அவனை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்தது; வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தது.

தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழை அந்த வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே வந்தது. மூன்றாம் நாள் காற்றில் மரம் சாய்ந்தது. மொக்கையன் சொன்னபடியே அடித்தண்டைப் பிளந்துகொண்டு விழுந்து, முப்பது கம்பையும் ஓடைக்குள் அமுக்கியது. அமிர்தநாதன் வந்து சொன்னபோது மொக்கையன் சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு முடிச்சை இறுக்கினான்.

ஊரெல்லாம் வெள்ளம், ரேஞ்ச் ஆபீஸ் வராந்தாவில் மட்டும் கன்றுகள் காய்ந்தன. கூரைக்குக் கீழே இருந்ததால் மழை படவில்லை. தொண்டிப் பொருளுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. குருவம்மாள் நாள்தோறும் குடை பிடித்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்துபோய், கொட்டுகிற மழையில் ஒரு செம்பு மழைத் தண்ணீரைப் பிடித்துப் பதினொன்றுக்கும் ஊற்றிவிட்டு வந்தாள். பிரதியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், மனைவி தொண்டியைத் தொடலாமா என்று ஒரு கிளார்க் கேட்டான். செடியைத் தொடவில்லை, தண்ணியைத்தான் தொட்டேன் என்றாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு அமிர்தநாதன், வராந்தா வழுக்குகிறது என்று காரணம் எழுதி, கன்றுகளை முற்றத்து மதிலோரம் மண்ணில் இறக்கி வைத்தான்.

ஆனச்சாலில் ஒரு தகரக் கூரை அறைக்கு அவர்கள் குடிபோனார்கள். மொக்கையன் ரிசார்ட்டுகளில் வேலிச்செடி வெட்டினான். செடியை யானை மாதிரி, மயில் மாதிரி வெட்டச் சொன்னார்கள். அவனுக்கு மட்டமாகத்தான் வெட்ட வந்தது. குருவம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் ரேஞ்ச் ஆபீஸுக்குப் போய்வந்தாள்.

தை மாதம் வழக்கு வந்தது. தேவிகுளம் கோர்ட்டில் தொண்டியை ஆஜர்படுத்த வேண்டும். காலையில் ஜீப் வந்து நின்றது. மொக்கையன் அதே வெள்ளைச் சட்டையில் மதிலோரம் நின்றான். கன்றுகள் அவன் இடுப்புக்கு மேலே வந்திருந்தன. கட்டிய அட்டைகளில் எழுத்து அழிந்துவிட்டது.

அமிர்தநாதன் ஒன்றாம் எண்ணைத் தூக்கக் குனிந்தான். கவர் கிழிந்து கையோடு வந்தது. கன்று வரவில்லை. அடுத்ததைப் பிடித்தான். அதுவும் அப்படியே. கவர்களின் அடியைத் துளைத்துக்கொண்டு வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பதினொன்றையும் அசைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மதினி, வரமாட்டேங்குதே."

"பிடுங்குனா வரும்," என்றாள் குருவம்மாள். "செத்து வரும்."

உள்ளேயிருந்து ரேஞ்சர் வந்து பார்த்தார்.  ஒரு கன்றைத் தானே பிடித்து இழுக்கப்போய், கையை எடுத்துக்கொண்டார். தொண்டி இருக்கும் இடத்திலேயே இருப்பதாகப் படமெடுத்துக்கொண்டு போகலாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எந்த விதியின்கீழ் என்று யாரும் கேட்கவில்லை. அமிர்தநாதன் ஏற்கெனவே செல்போனை எடுத்திருந்தான்.

அசைத்ததில் தூர்களைச் சுற்றி மண் விண்டிருந்தது. குருவம்மாள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டே போனாள். மொக்கையன் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி, எட்டாவதில் கொஞ்சம் சேர்த்து அமுக்கு என்றான்.